அடுத்த தட்டு என்னப்பா?

போன வாரம் ஒரு காதுகுத்து. சித்தப்பா வந்திருந்தாரு. பந்தியில எனக்குப் பக்கத்து இலை.

"அண்ணன் எப்பிடிம்மா இருக்காரு?"

சொன்னேன். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவுல எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு.

"அட, இதுக்கா இம்புட்டு யோசன? ஒரு பாட்டுப் பொட்டி வாங்கி வைய்யி. பழைய பாட்டாப் போட்டு விட்டுட்டு நீ உன் சோலியப் பாரு. வாட்ஸப்புல ஒரு வீடியோ வந்துச்சே, பாக்கல? ஒரு வெள்ளக்காரக் கெழவரு தலையத் தொங்கப் போட்டு உக்காந்திருக்காரு. காதுல பாட்ட மாட்டினதும் அப்படியே முழிச்சு ஆடுறாரு!"

(அவர் வெள்ளக்காரர் இல்ல சித்தப்பா. கறுப்பின அமெரிக்கர். 2014ல வந்த 'அலைவ் இன்சைட்'ங்கிற ஆவணப்படத்துல வர்றவரு. நானும் அதை ஒரு நாப்பது தடவ பாத்து அழுதிருக்கேன்.)

பதில் சொல்லல. அப்பளத்த நொறுக்கினேன். கொஞ்சம் அதிகமாவே நொறுக்கிட்டேன், பக்கத்து இலை வரைக்கும் தெறிச்சுச்சு.

அங்க சொல்லாம முழுங்கினதத்தான் இங்க எழுதுறேன்.

அந்தப் பாட்டுப் பொட்டிய நான் ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே வாங்கியாச்சு. ஆயிரக்கணக்குல பழைய பாட்டு உள்ள அடைச்சு, பாக்க அந்தக் கால ரேடியோ மாதிரியே இருக்கும். இப்ப அது அலமாரி மேல இருக்கு. அம்மா அதுமேல மஞ்சப்பொடி டப்பா வச்சிருக்காங்க.

ஏன் அங்க போச்சுன்னு சொல்லணும்னா, முதல்ல அப்பா யாருன்னு சொல்லணும்.

அப்பா ரேடியோ செட்டுக்காரர். உசிலம்பட்டிப் பக்கம் சுத்துப்பட்டுல கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடைன்னா அப்பாவோட செட்டுதான். இப்ப 'சவுண்ட் சர்வீஸ்'னு சொல்றோம். அப்ப ரேடியோ செட். சைக்கிள் கேரியர்ல ஆம்ப்ளிஃபயர், ஹேண்டில் பார்ல ரெண்டு பக்கமும் கூம்புக் குழாய், பின்னாடியே தலையில இசைத்தட்டுப் பொட்டியத் தூக்கிட்டு ஓடி வர ஒரு பையன். கரண்ட் இல்லாத ஊருக்குன்னா லாரி பேட்டரி ஒண்ணு கூடுதல் பாரம். ஊர்லயே பெரிய வேப்பமரம் எதுன்னு பாத்து உச்சியில குழாயக் கட்டி, முதல் தட்டு சீர்காழி கோவிந்தராஜனோட பிள்ளையார் பாட்டு. அந்தப் பாட்டு கேட்டாத்தான் ஊருக்கே விசேஷம் ஆரம்பிச்ச மாதிரி.

1967-68 வாக்குல மாமா கடையில பையனாச் சேர்ந்து, அப்புறம் சொந்தக் கடை போட்டு, தட்டு போயி கேசட்டு வந்து, கேசட்டு போயி சிடி வந்து, அதுவும் போனப்புறம் கடைய மூடினாரு. எண்பத நெருங்குற வயசு இப்ப. டிமென்ஷியான்னு டாக்டர் சொல்லி நாலு வருசம் ஆகுது.

மறதிய நாங்க ஓரளவு சமாளிச்சுட்டோம். (சமாளிச்சுட்டோம்னு சொல்றது கொஞ்சம் பீலாதான். பழகிட்டோம்னு வச்சுக்கங்க.) கேட்டதையே கேப்பாரு, சொன்னதையே சொல்லுவோம். என்னைய 'யக்கா'ம்பாரு. அவரோட அக்கா செத்து இருபது வருசம். சரி தம்பின்னுட்டுப் போயிருவேன்.

சமாளிக்க முடியாமப் போனது வேற ஒண்ணு.

மனுசன் சுவத்தப் பாத்து உக்கார ஆரம்பிச்சாரு.

கட்டில்ல உக்காருவாரு. வாசலுக்கு முதுகு, மூஞ்சி சுவத்துக்கு. காபி ஆறிப் போயிரும். "அப்பா, காபி." "ம்." அவ்வளவுதான். விடிய நாலு மணிக்கு முழிப்பு வந்துரும், வந்தா எந்திரிக்க மாட்டாரு, மேலயே பாத்துட்டுப் படுத்திருப்பாரு. மத்தியானம் ரெண்டு கவளத்துக்கு மேல இறங்காது. ஒரு நாள் சேவிங் பண்ணி விடும்போது "எதுக்கு தாயி இதெல்லாம்"னாரு. கண்ணாடியப் பாக்காமயே சொன்னாரு.

இதுவும் அந்த நோயோட சேந்ததுதான்னு நாங்க ஆறு மாசம் விட்டுட்டோம். அந்த ஆறு மாசத்த நெனச்சா இன்னைக்கும் எனக்கு என்னவோ பண்ணும்.

டாக்டர் அம்மாதான் (பேரு வேண்டாம், நல்லவங்க) நிறுத்தி உக்கார வச்சு கேள்வி கேட்டாங்க. அப்பாகிட்ட ரெண்டு மூணு. மிச்சமெல்லாம் என்கிட்ட. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, காலையில மோசமா இருக்காரா சாயங்காலமா, முன்னாடி பிடிச்ச விஷயத்துல இப்ப நாட்டம் இருக்கா, சட்டுனு எரிஞ்சு விழறாரா... 'கார்னெல் அளவுகோல்'னு பேராம். 1988ல உண்டாக்கினது, மொத்தம் பத்தொம்போது விஷயம். டிமென்ஷியா இருக்கிறவங்களுக்குத் தன் மனசு எப்படி இருக்குன்னு சொல்லத் தெரியாமப் போகலாம்ல, அதனால கூட இருக்கிறவங்களையும் கேட்டு மார்க் போடுவாங்க. பத்தொம்போதையும் முடிச்சுட்டு அவங்க சொன்னாங்க: "மறதி ஒண்ணு. மனச்சோர்வு ஒண்ணு. ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்கு, ஆனா ரெண்டு பேரும் ஒரே ஆள் இல்ல. இரண்டாவது ஆளை நாம கொஞ்சம் வெளிய அனுப்பிப் பாக்கலாம்."

மாத்திரை கொடுத்தாங்க. கொடுக்கும்போதே ஒரு விஷயத்தையும் மறைக்காமச் சொன்னாங்க. 2011ல இங்கிலாந்துல 326 பேர வச்சு ஒரு சோதனை. டிமென்ஷியாவோட மனச்சோர்வும் இருக்கிறவங்க. வழக்கமாக் கொடுக்கிற ரெண்டு மனச்சோர்வு மாத்திரையையும், சும்மா மாவு மாத்திரையையும் கொடுத்துப் பாத்தா, பெரிய வித்தியாசமே இல்லயாம். "ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி, பாப்போம். ஆனா மாத்திரைய மட்டும் நம்பி உக்காந்துராதீங்க. அவர் கூட எதாச்சும் பண்ணுங்க. பாட்டு பிடிக்குமா?"

பாட்டு பிடிக்குமாவா! டாக்டரம்மா, அவர் ரேடியோ செட்டுக்காரர்!

குதிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். அன்னைக்கு ராத்திரியே பாட்டுப் பொட்டி ஆர்டர்.

இனிமே என் முட்டாள்தனங்கள வரிசையாக் கேளுங்க.

பொட்டி வந்துச்சு. காலையில போட்டு விட்டேன், அது பாட்டுக்கு ஓடுச்சு, நான் சமையக்கட்டுக்குப் போயிட்டேன் (சித்தப்பா வைத்தியம்). ஒரு மணி நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் அப்பா எந்திரிச்சாரு. ஆகா, வேலை செய்யுதுடான்னு எட்டிப் பாத்தா, பிளக்கத் தேடுறாரு. வயரப் பிடிச்சு இழுக்குறாரு. "அமத்து, அமத்து"ங்கிறாரு. அது சார்ஜ்ல ஓடுற பொட்டி, வயரே கிடையாது. இவர் இழுத்தது ஃபிரிட்ஜ் வயரு. பாட்டு நிக்கல. அவருக்கு நடுக்கமே வந்துருச்சு. மறுநாளும் இதே கூத்து. சாயங்காலமாச்சுன்னா இன்னும் மோசம். பொழுது சாயுற நேரம் அவருக்கு எப்பவுமே கொஞ்சம் குழம்பும், அதுல பாட்டு வேற சத்தமா ஓடினா எங்கிருந்து வருது, யாரு வந்திருக்காங்கன்னு வீடு முழுக்க அலைவாரு.

அடுத்தது ஹெட்ஃபோன். அந்த வீடியோவுல அப்படித்தான காட்டுறாங்க? மாட்டினேன். காதுல என்னவோ ஊருதுன்னு பிடுங்கி எறிஞ்சாரு. ரெண்டாயிரத்து நானூறு ரூபா. விடுங்க.

அப்புறம் என் தம்பி ஓசூர்லேருந்து ஃபோன்ல யோசனை சொன்னான். (யோசனை எல்லாம் எப்பவும் ஃபோன்லதான் வரும். ஆள் வராது.) "அக்கா, வயசானவங்களுக்கு பக்திப் பாட்டுதான் சரி. காலையில கந்த சஷ்டி கவசம், செவ்வாய் வெள்ளி எல்.ஆர்.ஈஸ்வரியோட அம்மன் பாட்டு. மனசு அமைதியாயிரும்."

போட்டேன். செவ்வாக்கிழமை காலையில, அம்மன் பாட்டு.

அப்பா சட்டையத் தேடினாரு. செருப்பத் தேடினாரு. சைக்கிளக் கேட்டாரு. "கோயில்ல செட்டு யாரு கட்டுனா?"ன்னாரு. யாரும் கட்டலப்பான்னா நம்பல. பாட்டு கேக்குதுல்ல! ஊர்க் கோயில் ஆர்டரு எப்பவும் அவருக்குத்தான், அத வேற எவனோ தட்டிட்டுப் போயிட்டான். அன்னைக்குப் பூரா சோறு இறங்கல. ராத்திரி அம்மாகிட்ட ரொம்ப மெதுவா, "என்னையக் கேக்கவே இல்லையேடி"ன்னாரு.

தம்பிக்கு ஃபோன் போட்டு வஞ்சேன். பாவம், அவன் என்ன பண்ணுவான். வயசாயிட்டா எல்லாருக்கும் பக்திதான்னு நாமளே ஒரு கணக்கு வச்சிருக்கோம். யாரோ ஒரு பாட்டியம்மா இருபது வயசுல ஏ.எம்.ராஜா குரலுக்கு உருகியிருப்பாங்க, அதை யாரு கேட்டா?

அடுத்து நானே யோசிச்சேன்னு இளையராஜாவ எடுத்தேன். எண்பதுகள்ல வந்த அத்தனை ஹிட்டும். எனக்குக் கண்ணு கலங்குது, அப்பா பேசாம உக்காந்திருக்காரு. ஒரு வாரம் கழிச்சுத்தான் உரைச்சுது. அது என்னோட சின்ன வயசுப் பாட்டு! அப்பாவோடது இல்ல. ஒருத்தருக்குப் பத்து வயசுலேருந்து முப்பது வயசுக்குள்ள நடந்ததும் கேட்டதும்தான் பிற்காலத்துல அதிகமா மேல வரும்னு ஞாபக ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அப்பாவுக்கு அது 1956லேருந்து 76. 'அன்னக்கிளி' வந்தப்ப அவருக்கு முப்பது. இளையராஜா உள்ள வர்றாரு, அப்பாவோட ஞாபகக் கதவு சாத்துது. கணக்கு அப்படி இருக்கு.

சரின்னு 'பாசமலர்' எடுத்தேன். 1961. கணக்குப்படி சரியான வருசம். அதுல வர்ற அந்தத் தாலாட்டப் போட்டேன்.

இத நான் செஞ்சிருக்கக் கூடாது.

"யக்கா எங்க?"ன்னாரு. விம்மி விம்மி அழுதாரு. நான் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், நானும் அழுதேன், அம்மா வாசப்படியில நின்னு மூக்கச் சிந்தினாங்க. அரை மணி நேரம். ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினாரு. அழுதாலே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். சுவத்தப் பாத்து உக்காந்திருக்கிற ஆளு அழுறது எனக்கு ஒரு வகையில நிம்மதியாக்கூட இருந்துச்சு. பொழுது சாஞ்சப்புறம் மட்டும் அந்தப் படத்த இனி தொடுறதில்ல.

இப்படியே ரெண்டு மாசம். பொட்டி அலமாரிக்குப் போச்சு. மஞ்சப்பொடி ஏறுச்சு.

பரண் சுத்தம் பண்ணினது தீவாளிக்கு. பாட்டுக்காக இல்ல, கரப்பானுக்காக.

ஒரு தகரப் பொட்டி இறங்குச்சு. உள்ள அப்பாவோட தட்டுகள். நாப்பது அம்பது இருக்கும். மிச்சமெல்லாம் எப்பவோ எடைக்குப் போயிருச்சு. உறையெல்லாம் செல்லரிச்சு, ஓரத்துல பூஞ்சை. நாய் உக்காந்து குழாய்க்குள்ள பாக்குற அந்த லேபிள் மட்டும் இன்னும் பளிச்சுனு இருக்கு. தட்ட ஓட விடுற மெஷின் நம்ம வீட்டுல இல்ல, இருந்தாலும் முள்ளுக்கு எங்க போறது. தூக்கிப் போடலாம்னு கூடத்துல வச்சேன். தூசி தட்டுறதுக்கு ஈரத் துணிய எடுத்து ஒரு தட்ட அழுத்தித் துடைச்சேன், குறுக்க.

"டேய்!"

திரும்பிப் பாத்தா அப்பா. நின்னுக்கிட்டிருக்காரு.

"ஈரத்துணியப் போட்டு இழுக்குற! கோடு விழுந்துராது? கூலி குடுத்துக் கெடுக்குறேன் உன்னைய. கொண்டா இங்கிட்டு!"

வாங்கினாரு. விரல் தட்டு மேல படல. ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் பிடிச்சு, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு, வெளிச்சத்துக்குச் சாய்ச்சு, ஒரு கண்ண மூடிப் பாத்தாரு. பனியன நுனியில பிடிச்சு, கோடு போற போக்குலயே சுத்திச் சுத்தித் துடைச்சாரு. ஃபூன்னு ஊதினாரு. சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாத கை. ரெண்டு நாளைக்கு முன்னாடி டம்ளரத் தலைகீழாப் பிடிச்ச கை.

லேபிளத் தூர வச்சுப் பாத்து, "கொஞ்சும் சலங்கை"ன்னாரு. "காருகுறிச்சி நாயனம். ஜானகி. பொண்ணு மாப்ள மேடைக்கு வரும்போது போடணும். முன்னாடி போட்டுறாத."

எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. ஃபோன எடுத்தேன், தேடினேன், சின்ன ஸ்பீக்கர்ல விட்டேன். அப்பா தலைய ஒரு பக்கம் சாய்ச்சுக் கேட்டாரு. முகம் மலர்ந்துச்சு, ஆனந்தக் கண்ணீர்னெல்லாம் எழுதத் தோணுது, அப்படி ஒண்ணும் நடக்கல. முகத்த இன்னும் இறுக்கமா வச்சுக்கிட்டாரு. வேலை பாக்குற மூஞ்சி அது. "கொறை, கொறை. குழா கிழியும்"னாரு. சத்தத்தக் குறைச்சேன். பாட்டு முடியப் போகும்போதே கை அடுத்த தட்டுக்குப் போயிருச்சு.

அப்பத்தான் எனக்கு ஃபிரிட்ஜ் வயரு விளங்குச்சு.

ஆள் இல்லாம ஓடுற செட்டு. செட்டுக்காரனுக்கு அதவிட பெரிய தப்பு கிடையாது. பாட்டு முடிஞ்சு முள்ளு நடுவுல போயி கர்ருகர்ருன்னு அறுத்துக்கிட்டு நின்னா ஊரே சிரிக்கும், தட்டும் தேயும், முள்ளும் போகும். தாலி கட்டுற நேரத்துல சோகப் பாட்டு விழுந்துட்டா அடி விழும். நாற்பது வருசம் அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்காம, சோறு கூட அங்கயே வாங்கித் தின்ன மனுசன். அவர் காதுக்கு நான் ஆளில்லாத செட்ட நாள் பூரா ஓட விட்டிருக்கேன்! பதறத்தான செய்வாரு?

அன்னையிலேருந்து எங்க வீட்டு முறை மாறிப் போச்சு.

சாயங்காலம் நாலு மணி. பொழுது சாயுறதுக்கு முன்னாடி, அவருக்குத் தெளிவா இருக்கிற நேரம் அது. டிவி அமத்தணும், மிக்ஸி கூடாது. கூடத்துல பாய விரிச்சு தகரப் பொட்டிய வைப்பேன். "அடுத்த தட்டு என்னப்பா?"ன்னு கேப்பேன். அவர் ஒண்ணு எடுத்துத் துடைச்சுக் கொடுப்பாரு. நான் வாங்கிப் படிச்சு ஃபோன்ல தேடிப் போடுவேன். பாட்டு ஓடும்போது அவர் விரல் தொடையில தாளம். ஒரு எவர்சில்வர் தட்டக் குப்புறக் கவுத்து முன்னாடி வச்சேன், இப்ப அதுல தட்டுறாரு. முக்கால்வாசி நேரம் தாளம் என்னைய விட சரியா இருக்கு.

பாடவும் செய்யணும். அதுதான் முக்கியம்னு பின்னாடி கண்டுபிடிச்சேன். எனக்குக் குரல் கிடையாது. பள்ளிக்கூடத்துல தமிழ்த்தாய் வாழ்த்துக்கே என்னைய வாயசைக்கத்தான் சொன்னாங்க. இருந்தாலும் பாடுறேன். வேணும்னே ஒரு வார்த்தைய மாத்திப் பாடுவேன், அப்பா விட மாட்டாரு. சரியான வார்த்தைய எடுத்துக் கொடுப்பாரு, அப்படியே அடுத்த அடியையும் பாடிருவாரு. "தண்ணி வேணும்"னு முழுசாச் சொல்ல வராத வாயி.

எப்படி இதுன்னு தேடிப் படிச்சேன். (ராத்திரி ரெண்டு மணிக்கு, வேற எப்ப.) ஜெர்மனியில லைப்ஸிக்ல இருக்கிற ஆராய்ச்சிக்காரங்க 2015ல எழுதினது. ரொம்ப காலம் கேட்டுப் பழகின பாட்ட அடையாளம் கண்டுக்கிற மூளைப்பகுதிகள், அல்சைமர் நோய்ல மத்த பகுதிகள விடக் கம்மியாத்தான் தேயுதாம்.

இன்னொண்ணும் படிச்சேன். இது நம்ம விஷயத்துக்கு ரொம்பப் பக்கத்துல வர்றது. 'காக்ரேன்'னு ஒரு அமைப்பு, உலகம் பூரா நடந்த மருத்துவச் சோதனைகளச் சலிச்சு எடுத்து மொத்தமா என்ன தெரியுதுன்னு சொல்வாங்க. டிமென்ஷியாவும் இசையும் பத்தி 2018ல 22 சோதனையச் சேர்த்துப் பாத்திருக்காங்க. 2025ல மறுபடியும், இந்த தடவ 30 சோதனை, 1,720 பேரு. குறைஞ்சது அஞ்சு தடவையாவது உக்காந்து செஞ்ச இசை நடவடிக்கைகளத்தான் எடுத்துக்கிட்டாங்க. மனச்சோர்வு அநேகமாக் குறையுது. ஞாபகசக்தியில பெருசா மாத்தம் இல்ல. ஆவேசம், அடிக்க வர்றது, இதுலயும் பெருசா இல்ல. நிறுத்தினப்புறம் பலன் நீடிக்குமாங்கிறதுக்கும் உறுதியான பதில் இல்ல.

படிச்சப்ப எனக்கு சந்தோசமா இருந்துச்சு. நிசமாத்தான். ஏன்னா எங்க வீட்டுல நடக்கிறதும் அச்சு அசல் இதுதான். அப்பாவுக்கு நான் இன்னும் 'யக்கா'தான். மத்தியானம் சாப்பிட்டத நாலு மணிக்குக் கேட்டா 'எங்க போட்டீங்க'ம்பாரு. ஆனா சுவத்தப் பாத்து உக்காருறது குறைஞ்சிருக்கு. ஒரு பழைய கோடு போட்ட நோட்டுல நான் தினம் மூணே விஷயம் குறிப்பேன்: எத்தனை கவளம், எத்தனை மணிக்கு முழிப்பு, தானா எதாச்சும் பேசினாரா. டாக்டரம்மா அந்த நோட்ட வாங்கிப் புரட்டிட்டு, கார்னெல் கேள்விகள மறுபடி கேட்டு, மார்க் இறங்கியிருக்குன்னாங்க. மாத்திரையும் போயிக்கிட்டுதான் இருக்கு, எதனால எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னும் சொன்னாங்க. (படிச்சுட்டு யாரும் மாத்திரைய நிறுத்திராதீங்க, உங்க டாக்டர் என்னையத் தேடி வந்துருவாங்க.)

நாம செய்யிறது 'மியூசிக் தெரபி' இல்ல, அதையும் சொல்லிடுறேன். அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. ஆனா அவங்கதான் வேணும்னு காத்திருக்கவும் வேண்டாம். ஃபின்லாந்துல 2014ல வந்த ஒரு ஆய்வுல, வீட்டுக்காரங்களுக்கும் நர்சுகளுக்குமே பத்து வாரம் சொல்லிக் கொடுத்து, 89 ஜோடிய வச்சுப் பாத்திருக்காங்க, கூடப் பாடுறது, இல்லேன்னா கூட உக்காந்து கேக்குறதுன்னு. ரெண்டுலயுமே மனநிலை தேறியிருக்கு. மெல்போர்ன்ல இன்னும் பெருசா, முதியோர் இல்லங்கள்ல 318 பேரு, 2022ல வெளியாச்சு. ஒரு பக்கம் படிச்ச தெரபிஸ்ட் நடத்தின சின்னக் குழு, ஒரு பக்கம் சும்மா கூட்டமா உக்காந்து பாடுற கோஷ்டி. மனச்சோர்வு நல்லாக் குறைஞ்சது கோஷ்டியிலதான்!

அதப் படிச்சுட்டு எனக்கும் கோஷ்டி ஆசை வந்துருச்சு.

எதிர்வீட்டு ஆச்சி, எண்பத்திரெண்டு வயசு, மறதியெல்லாம் இல்ல, பொழுதுதான் போகல. பின் தெருவுல ஓய்வுபெத்த பஸ் கண்டக்டர் ஒருத்தர், அவருக்கும் அப்பா மாதிரியே ஆரம்பம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாங்க, டீயும் பக்கோடாவும் உண்டுன்னேன். பாட்டுன்னு சொல்லல. பக்கோடாவுக்கு வந்துட்டாங்க.

முதல் வாரம் யாரும் வாயத் திறக்கல. மூணு பேரும் பக்கோடாவத் தின்னுட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. நான் மட்டும் தொண்டை கிழியப் பாடினேன். பக்கத்து வீட்டுப் பையன் சன்னல் வழியா எட்டிப் பாத்துச் சிரிச்சுட்டு ஓடினான். ரெண்டாவது வாரமும் அப்படியே. மூணாவது வாரம் அப்பா 'திருவிளையாடல்' தட்ட எடுத்தாரு. பாட்டு இல்ல, கதை வசனம். அந்தக் காலத்துல சாப்பாட்டுப் பந்தி ஓடும்போது படத்தோட வசனத்தையே தட்டாப் போடுவாங்க, ஊரே கேட்டுக்கிட்டே சாப்பிடும். நாகேஷ் தருமியாப் புலம்புற இடம் வந்துச்சு. கண்டக்டர் தாத்தா அதக் கூடவே சொல்ல ஆரம்பிச்சாரு. அதே குரல்ல, அதே இழுவையில! அப்பா உடனே சிவாஜி பக்கத்த எடுத்துக்கிட்டாரு. ஆச்சி சிரிச்ச சிரிப்புல பல்செட்டு கழண்டு டீ டம்ளர்ல விழுந்துருச்சு.

அந்த நாள நோட்டுல எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு தெரியாம ஓரத்துல எழுதி வச்சிருக்கேன்: 'பல்செட்டு'.

எல்லா நாளும் இப்படின்னு நெனச்சுராதீங்க. போன வாரமே மூணு நாள் தட்டத் தொடல. "அடுத்த தட்டு என்னப்பா"ன்னா "கரண்ட் இல்ல"ன்னாரு. ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. சரி, கரண்ட் இல்லன்னா இல்லதான். பொட்டிய மூடிட்டுப் பக்கத்துல உக்காந்து வெண்டைக்கா நறுக்கினேன். முன்னாடியெல்லாம் விடாமப் போட்டுப் பாப்பேன், இது இல்லேன்னா அதுன்னு. அது அவருக்காக இல்ல, எனக்காகப் போட்டது. ஒரு தடவ அப்படி வற்புறுத்தி ஒரு தட்டு உடைஞ்சுச்சு. 78 சுத்துற பழைய ரகம், கீழ விழுந்தா ஓடு மாதிரி நொறுங்கும். அன்னைக்கு அவர் பாத்த பார்வை இருக்கே.

நேரமும் முக்கியம். இருபத்தஞ்சு நிமிசம், மிஞ்சிப் போனா முப்பது. அதுக்கு மேல போனா கண்ணு சொருகும், குழம்பும். சத்தம் எப்பவும் பேச்சுக்குரல் அளவுதான். விளம்பரம் நடுவுல வராத மாதிரி பாட்ட முன்னாடியே இறக்கி வச்சுக்கங்க. ஒரு தடவ நாயனம் உச்சத்துல இருக்கும்போது நடுவுல ஒருத்தன் வந்து கடன் வேணுமான்னு கேட்டான், அப்பா எந்திரிச்சு வாசல்ல போயி யாருன்னு பாத்தாரு.

உங்க வீட்டுல ரேடியோ செட்டு இருந்திருக்காது. பரவால்ல. ஆனா எதாச்சும் இருந்திருக்கும். சர்ச்சுல கொயர்ல நின்னிருப்பாங்க. நாகூர் ஹனிபா பாட்ட நோன்பு நேரத்துல வீட்டுல ஓட விட்டிருப்பாங்க. காலையில இலங்கை வானொலியில பொங்கும் பூம்புனல் கேட்டுக்கிட்டே இட்லிக்கு மாவு ஊத்தியிருப்பாங்க. நாத்து நட்டிருப்பாங்க, நட்ட கை சும்மாவா நட்டுச்சு? என்ன கேட்டாங்கங்கிறதோட, கேக்கும்போது கை என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சுன்னும் விசாரிங்க. எனக்கு அதக் கண்டுபிடிக்க ஒரு கரப்பான் பூச்சி தேவைப்பட்டுச்சு.

கடைசியா ஒண்ணு. இத எழுதணும்னுதான் உக்காந்தேன், சித்தப்பா மேல இருந்த கோவத்துல எங்கெங்கயோ போயிட்டேன்.

பாட்டு நேரம் முடிஞ்சதும் அப்பா வயரச் சுருட்டுவாரு. வயர் கிடையாது, அம்மாவோட பழைய சேலைக்கிழிசல். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல எட்டுப் போட்டுச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, பொட்டி மேல வைப்பாரு. அப்புறம் என்னையப் பாத்து, "வாடகை வாங்கிட்டியாடா?"ம்பாரு.

முதல் நாள் முழிச்சேன். அப்புறம் புரிஞ்சுக்கிட்டு உள்ள ஓடிப்போயி ஒரு அம்பது ரூபா நோட்ட எடுத்துட்டு வந்து, "கல்யாண வீட்டுல குடுத்தாங்க மொதலாளி"ன்னேன். வாங்கி வெளிச்சத்துல காட்டிப் பாத்துட்டு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. ராத்திரி சட்டை மாத்தும்போது அம்மா எடுத்து அஞ்சறைப் பொட்டிக்கு அடியில வைப்பாங்க. மறுநாள் நாலரை மணிக்கு அதே நோட்டு திரும்ப அப்பாகிட்ட. அஞ்சு மாசமா எங்க வீட்டுக்குள்ளயே ஒரே அம்பது ரூபா சுத்திக்கிட்டிருக்கு. சீரக வாசனை வேற.

நேத்து வழக்கம் போலக் கொடுத்தேன். வாங்கினாரு. பையில வைக்கல. நோட்டயும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"ஏன்டா, போன விசேஷத்து பாக்கி?"